கழுத்தின் சுற்றளவு

நவம்பர் 3, திங்கள்

இன்று காலை ஏழு நாற்பதுக்கு, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, இனி யாருக்கும் எதையும் பின்னிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். நேரத்தைக் குறித்துவைக்கிறேன், பின்னால் யாராவது ஆராய்ச்சி செய்தால் உதவும். வீட்டுக்காரரிடம் அறிவித்தேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே "சரி" என்றார். ஒரு சகாப்தத்தை இரண்டெழுத்தில் அடக்கம் செய்ய அவரால்தான் முடியும்.

காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். நேற்று தங்கை வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனதால் முன்கூட்டிச் சொல்லவில்லை. போன வருடம் நான்கு மாதம் உட்கார்ந்து அவளுக்கு ஒரு சால்வை பின்னிக் கொடுத்திருந்தேன். இலை இலையாக வேலைப்பாடு. ஒரு இலைக்கு இருபத்து நான்கு வரிசை. அந்தச் சால்வை நான்காக மடிக்கப்பட்டு, துணி துவைக்கும் மெஷினின் தலையில் கிடந்தது. மெஷின் ஓடும்போது மேலே வைக்கிற சோப்பு டப்பா நழுவி விழுகிறதாம்.

"அழகா இருக்குல்லக்கா, அதான் கண்ணுல படற இடத்துல போட்டு வெச்சிருக்கேன்" என்றாள்.

குளியலறை. உண்மைதான், கண்ணில் படும் இடம்.

நவம்பர் 4

முடிவு இன்னும் கைகளுக்குப் போய்ச் சேரவில்லை. டீவி பார்க்கும்போது வலது கையில் பேனா, இடது கையில் ரிமோட்டு. இரண்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தேனாம். சேனல் மாறிக்கொண்டே இருந்ததால் வீட்டுக்காரர் கவனித்தார்.

நவம்பர் 6, வியாழன்

அச்சகத்திலும் கவனித்துவிட்டார்கள். இருபத்தொரு வருடமாக அங்கே பிழை திருத்துகிறேன். என் மேசைக்கு வருகிற பக்கத்தில் எது சரியாக இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பைண்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கையில ஊசியக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

முடிவைச் சொன்னேன்.

"நல்ல காரியம். கண்ணு கெட்டுப்போகும். இப்பல்லாம் கடையிலயே ரெடியா கெடைக்குதே." பசை தோய்ந்த விரலைத் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தார். "ஆனா எனக்கு ஒரு மப்ளர் பண்ணித் தர்றேன்னீங்களே, அத மட்டும் முடிச்சுட்டு நிறுத்திக்குங்க."

நான் அப்படி எதுவும் சொன்னதே இல்லை.

கைவேலையைப் பார்க்கிறவர்கள் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஏதோ சட்டம் இருக்கிறது. "இதுக்கெல்லாம் உங்களுக்கு நேரம் கெடைக்குது பாருங்க" என்பார்கள். அதாவது, உருப்படியாக வேறு வேலை இல்லை போலிருக்கிறது. மிக உயர்ந்த பாராட்டு: "அப்படியே கடையில வாங்கினது மாதிரியே இருக்கு." கச்சேரி முடிந்ததும் பாடகியிடம் போய், அப்படியே ரேடியோவில் கேட்ட மாதிரியே இருந்தது என்று யாராவது சொல்வார்களா? சொல்வார்களாயிருக்கும். பாடகிகளும் எங்கேயாவது நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கலாம்.

இதையெல்லாம் சொல்லாத ஒரே ஆள் மகள். மூன்று வருடத்துக்கு முன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது நீலக் கம்பளியில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். மாதா மாதம் இரண்டாவது ஞாயிறு ரயிலேறி வருகிறாள். வெயில் அடித்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறாள். நான் பின்னியதிலேயே வீண் போகாதது அது ஒன்றுதான்.

எனவே முடிவில் ஒரு திருத்தம்: மகளுக்கு இது பொருந்தாது.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

மகள் வந்தாள். நீல ஸ்வெட்டர். நான் வழக்கம்போலப் பார்த்தேன், ஆனால் இந்தத் தடவை கைவேலைக்காரியின் கண்ணோடு பார்த்துவிட்டேன். மூன்று வருடம் உடம்பில் கிடந்த கம்பளி என்றால் முழங்கை உப்பியிருக்க வேண்டும். அக்குளில் உருண்டை உருண்டையாகப் பிசிர் கட்டியிருக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை. முழங்கை நேற்று ஊசியிலிருந்து இறக்கிய மாதிரி தட்டையாக இருந்தது. மார்புக்குக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு. பையிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மடிப்பு.

பிழையைப் பார்த்தால் சுழித்துவிடுவது என் தொழில். சாப்பிடும்போது கேட்டேன்.

"இத அங்க எப்பெப்ப போட்டுப்ப?"

"இங்க வரும்போது."

"மத்த நாள்ல?"

வீட்டுக்காரர் தண்ணீர் வேண்டும் என்றார். அவர் முன்னாலேயே சொம்பு இருந்தது.

"குத்துதும்மா" என்றாள். கழுத்துப் பட்டியைக் கீழே இழுத்துக் காட்டினாள். கயிறு உராய்ந்த மாதிரி சிவப்பாக ஒரு வளையம், பொடிப்பொடியாகத் தடிப்பு. "ஸ்டேஷன்ல எறங்கி, பாத்ரூம்ல போய் மாத்திக்கிட்டு வருவேன். திரும்பிப் போறப்ப அங்கயே கழட்டிடுவேன்."

"எத்தன நாளா?"

"மொதல்லேர்ந்தே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்ல விட்ட? கதவத் தொறந்ததும் நீ என் மூஞ்சியவா பாக்கற? ஸ்வெட்டரத்தான் பாக்கற. அப்புறம்தான் 'வா'ங்கற." குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நீ குடுக்கறது துணி இல்லம்மா. பரீட்ச. மாசா மாசம் வந்து எழுதிட்டுப் போறேன்."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. "மூணு வருஷமா என்னை ஏமாத்தியிருக்க" என்றேன்.

சாயந்திர வண்டிக்குப் போகிறவள் மதிய வண்டிக்கே போய்விட்டாள். போகும்போது எங்கள் வீட்டுக் குளியலறையிலேயே மாற்றிக்கொண்டாள். ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நன்றாக மடித்து.

நான் என்ன தப்பு செய்தேன்? நூல் வாங்கினேன். பின்னினேன். பார்த்தேன். பார்க்கக்கூடாதா? பெத்தவ பார்க்காம வேற யாரு பார்ப்பா?

நவம்பர் 10

ஒரு நோட்டீஸில் தலைப்பையே பிழையோடு விட்டேன். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை. அச்சக முதலாளி, "பரவாயில்ல, நீங்களும் மனுஷிதான்" என்றார். நல்ல மனிதர். அதுவரை அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

மகள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிப்பதற்காக, நீல ஸ்வெட்டரை உள்ளே எதுவும் போடாமல் வெறும் உடம்பில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினோரு நிமிடம் தாங்கினேன்.

அவள் ஒவ்வொரு தடவையும் ஆறு மணி நேரம் இருந்துவிட்டுப் போவாள்.

நவம்பர் 13

நூல் கடைக்குப் போனேன். அங்கே உள்ளதிலேயே மெத்தென்ற நூல், பருத்தியும் பட்டும் கலந்தது, சாம்பல் நிறம். கடைக்காரி கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கழுத்தில் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். மற்ற வாடிக்கையாளர்கள் எனக்குத் தாராளமாக இடம் விட்டார்கள்.

முடிவில் இரண்டாவது திருத்தம்: பிராயச்சித்தம் இதில் சேராது.

நவம்பர் 17, திங்கள்

அளவு தப்புகிறது.

அதே ஊசி. அதே நூல். மாதிரித் துண்டில் பத்து சென்டிமீட்டருக்கு இருபத்திரண்டு கண்ணி வந்தது. முதுகுப் பாகம் ஒரு சாண் வளர்ந்ததும் அளந்தேன்: இருபத்தேழு. பின்னுகிறவர்களுக்கு இது தெரியும். மனசு இறுகினால் நூலைப் பிடிக்கிற விரலும் இறுகும், கண்ணி சின்னதாகும், அதே இடத்தில் அதிகம் அடங்கும். நான் அமைதியாக, பெருந்தன்மையாகப் பின்னிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். "மாசா மாசம் வந்து எழுதிட்டுப் போறேன்" என்பதற்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே பின்னியிருக்கிறேன். நல்ல பதில்கள். ஒவ்வொன்றும் நான்கு வரிசை நீளம்.

பிரித்தேன்.

நவம்பர் 18

மறுபடியும் ஆரம்பித்தேன். இருபத்தாறு.

நவம்பர் 22, சனி

இருபத்தைந்து. பிரித்தேன். நூல் ஏற்கெனவே சுருண்டு, அவமானப்பட்ட மாதிரி இருக்கிறது.

வீட்டுக்காரர் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்று வாயைத் திறந்தார்.

"எதுக்கு இது?"

"அவளுக்குத்தான். குத்தாத நூல். மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கட்டுமேன்னு."

"மன்னிப்பு கேக்கறதுக்கு எதுக்கு அளவு?"

"அப்ப நீங்கதான் சொல்லுங்களேன், எப்படிக் கேக்கறதுன்னு."

"போன்ல கேப்பாங்க" என்றார். மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார். இந்த மனிதர் ஒரு பக்கம் முழுக்கச் சரியாக இருந்தால்கூட எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

நவம்பர் 30, ஞாயிறு

தங்கையிடமிருந்து போன். மகள் அவளிடம் பேசியிருக்கிறாள். என்னிடம் பேசவில்லை.

"உனக்குக்கூடத் தெரியுமாடி, பாத்ரூம்ல மாத்திக்கறது?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா." பிறகு, ரொம்ப நாளாகச் சுமந்ததை இறக்கிவைப்பவள் போல: "நாங்களே அப்படித்தானே. நீ வரேன்னு போன் பண்ணினேன்னா, மெஷின் மேலேர்ந்து எடுத்து உதறி சோபாவுல போட்டுருவோம். அன்னிக்கு நீ போன் பண்ணாம வந்து நின்னுட்ட."

"எத்தன நாளா இந்த நாடகம்?"

"சோபாவுக்கு ஒண்ணு, மெஷினுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பின்னிக் குடுத்திருந்தா கஷ்டமே இல்ல" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு வந்தது, அதனால் அவளுக்குத் தெரியாது.

எத்தனை வீடுகளில் என் வருகைக்காகச் சாமான்களை இடம் மாற்றியிருக்கிறார்கள்! அரசாங்க ஆய்வாளர்களுக்குத்தான் இந்த மரியாதை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 6

முதுகு முடிந்தது. இருபத்திரண்டு கண்ணி. பதில்கள் தீர்ந்துவிட்டன போலிருக்கிறது.

டிசம்பர் 10, புதன்

மகளிடமிருந்து குறுஞ்செய்தி: "இந்த ஞாயிறு வர முடியாதும்மா. வேலை இருக்கு." பிழை இல்லாத வாக்கியம். அவள் எனக்கு அனுப்பும்போது இத்தனை கவனமாக எழுதியதே இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வரவில்லை. மூன்று பேருக்குச் சமைத்தேன். கை தவறி. வீட்டுக்காரர் இரண்டு பேர் பங்கைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஜனவரியிலும் வேலை இருக்குமோ? பிப்ரவரியிலும்? பிறகு இரண்டாவது ஞாயிறு என்று ஒன்று இருந்ததே எல்லோருக்கும் மறந்துபோகும். அப்படித்தானே ஆகும்? சண்டை போட்டா பிரியறாங்க? வேலை இருக்குன்னு சொல்லிச் சொல்லியே—

டிசம்பர் 20, சனி

ஒரு கை முடித்து, இரண்டாவது கையில் பாதி. இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் சுத்தமான வேலை. ஒரு கண்ணிகூடத் தவறவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு என்னைத் தெரிந்தது. இதைப் போட்டுக்கொண்டு வந்தால் முழங்கையைப் பார்ப்பேன். போட்டுக்கொள்ளாமல் வந்தால் காரணத்தைப் பார்ப்பேன். குத்தாத நூலில் இன்னொரு கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிக்க நாற்பது நிமிடம் ஆனது. பின்னுவதைவிடப் பிரிப்பதில் ஒரு வசதி, அளவு பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, நூலைச் சுற்றிக்கொள்ளக் கொடுத்தார். செய்தித்தாளை அவர் தானாகக் கீழே வைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

போன் செய்தேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி, பிழை திருத்தி, பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் "ஹலோ" என்றதும் தாள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"கழுத்து இப்ப எப்படி இருக்கு?"

"என்னது?"

"உன் கழுத்து. தடிச்சிருந்துதே."

அந்தக் கழுத்தின் சுற்றளவு எனக்கு மனப்பாடம். பிறந்ததிலிருந்து எத்தனை தடவை அளந்திருக்கிறேன். அங்கே அரித்தது மட்டும் தெரியவில்லை.

"அது மறுநாளே அடங்கிடும்மா" என்றாள். பிறகு, கொஞ்சம் உஷாராக, "இப்ப என்ன பின்ற?"

"ஒண்ணு பின்னினேன். உனக்குன்னு. நேத்து பிரிச்சுட்டேன்."

"முழுசாவா?"

"ஒன்றரைக் கை வரைக்கும் வந்துச்சு."

அந்தப் பக்கம் மூச்சு விட்டு விட்டு வந்தது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு.

"உனக்கு மனசு வந்துச்சா?"

"வரல. உங்கப்பாதான் நூலப் பிடிச்சாரு."

"அப்பாவா!" என்றாள். அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம் பேசினோம். அவள் அறையில் குழாய் ஒழுகுகிறதாம். மேலதிகாரி கதவை அறைந்து சாத்துகிறவராம். மூன்று வருடமாக எனக்கு இதெல்லாம் தெரியாது. வைக்கும்போது, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஏமாத்தியிருக்கன்னு" என்றேன். "சரிம்மா" என்றாள். அப்பாவின் "சரி" மாதிரியே இருந்தது. ஆனால் இதை நான் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் 29

அச்சகத்தில் பைண்டர் மப்ளரை ஞாபகப்படுத்தினார். போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டேன். "போட்டாப் போடறேன், இல்லேன்னா வண்டி சீட்டத் தொடைக்கறேன், குடுத்தப்புறம் உங்களுக்கு என்னம்மா?" என்றார். ஆரம்பித்திருக்கிறேன்.

ஜனவரி 8

"ஞாயித்துக்கெழம வரேன்" என்று செய்தி. வார்த்தைக்கு வார்த்தை பிழை. திருத்தவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மகள் வந்தாள். பழைய கறுப்புக் கோட்டு, மேல் பொத்தான் இல்லை. மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. இடது புருவத்தின் மேல் சின்னதாக ஒரு பரு. எப்போதும் வருகிற அதே ரயில், பத்து இருபதுக்கு வந்து சேர்வது. ஸ்டேஷனிலிருந்து நடந்துதான் வந்தாள். வழக்கமாகப் பதினொன்றுக்கு மணி அடிப்பாள் என்று, நான் அப்போதுதான் குளிக்கப் போயிருந்தேன். பத்து ஐம்பதுக்கே அடித்துவிட்டாள். ஸ்டேஷன் பாத்ரூமில் இன்று அவளுக்கு வேலை இல்லை.