பன்னிரண்டு பாட்டும் என் பிடிவாதம்

அன்புத் தம்பிக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்று கேட்கத் தோன்றவில்லை.

நாம் இருவரும் சேர்ந்து போட்ட ஆல்பத்தை முதல் விமர்சனம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ராக், நடனப் பாட்டு, தாலாட்டு எல்லாம் ஒன்றாக வந்தது துணிச்சல் என்றது. இரண்டாவது விமர்சனம், எந்த ஊருக்குப் போவதென்றே தெரியாத பஸ் என்றது. அதை நீதான் அடுப்படியில் நின்று உரக்கப் படித்தாய். "அப்ப நீ டிரைவர், நான் கண்டக்டராக்கா?" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாவதை நான் தனியாகப் படித்தேன். நிருபரிடம் நீ சொன்னதை அப்படியே போட்டிருந்தார்கள். "எல்லாம் ராக் பாட்டாவே இருக்கட்டும்னுதான் சொன்னேன். அக்காதான் பிடிவாதம் பிடிச்சாங்க."

அந்த நடனப் பாட்டை ஒத்திகை அறைக்குக் கொண்டுவந்தது யார்? நான் பயந்தபோது, "திட்டு விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்க்கா" என்றது யார்? இதில் "பிடிச்சாங்க" என்று மரியாதை வேறு.

இன்று அந்த நிருபர் என்னையும் போனில் அழைத்தார். "உங்க தம்பி சொன்னது உண்மையாங்க?" என்றார். "ஆமாங்க, பன்னிரண்டு பாட்டும் என் பிடிவாதம்தான்" என்றேன். உன்னைப் பொய்யன் என்று ஊரறியச் சொல்ல நா எழவில்லை. பாட்டுகளை அனாதையாக விடவும் மனமில்லை.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் டிரம்ஸ் வாசிக்க உனக்குப் பதில் வேறு ஆளைப் பேசிவிட்டேன். நீ கேட்க வரலாம். உன் பெயரில் ஒரு டிக்கெட்டை வாசலில் கொடுத்து வைக்கிறேன்.

உன் அக்கா