இருநூறும் தப்பு

மார்ச் 3
மேலாளர் வாயைத் திறந்தால் 'குவாண்டம்'தான். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் எங்கள் ஏஐ எந்த அமைப்பில் பயிற்சி கொடுத்தால் நன்றாகக் கற்கும் என்று மூன்று வருடமாகத் தேடுகிறேன். கற்கும் வேகம், அடுக்குகளின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக மாற்றி, காத்திருந்து, தலையில் அடித்துக்கொண்டு. கீழ்த்தளத்துக்கு வந்திருக்கும் குவாண்டம் கணினி லட்சக்கணக்கான அமைப்புகளை ஒரு மணி நேரத்தில் சலித்துவிடுமாம். அப்புறம் நான் எதற்கு? அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

மார்ச் 5
எதைத் தேட வேண்டும் என்று அதற்குக் கணக்கு வடிவில் கொடுக்கவேண்டிய கேள்வியை என்னையே எழுதச் சொன்னார்கள். என் குழியை நானே வெட்ட வேண்டும். கடுப்போடு எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 9
கணினியைக் குளிர்விக்கும் பொறியாளரோடு பேசினேன். விண்வெளியைவிடக் குளிராக வைக்க வேண்டுமாம். சொல்லும்போதே அவருக்கு ஜலதோஷம். எட்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை, பாவம்.

மார்ச் 14
ஆகா! குவாண்டம் தேர்ந்தெடுத்த அமைப்பில் படித்த ஏஐ, மேலாளரின் புகைப்படத்தைப் பார்த்து 'சலவை இயந்திரம்' என்றது. இருநூறு படம் காட்டினார்கள். இருநூறும் தப்பு. கணினியைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். பொறியாளர் தலை நிமிரவே இல்லை. நான் வீடு வரும்வரை சிரித்தேன்.

அதே நாள், சாப்பிட்ட பிறகு
நடந்ததைச் சொன்னபோது, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கவில்லை. "சரியா தப்பா கேள்வியில ஒரு பையன் இருபதும் தப்பா எழுதினா, அவனுக்கு இருபதும் தெரியும்னு அர்த்தம்" என்றாள்.

போச்சு. குருட்டாம்போக்கில் சொன்னாலும் இருநூறில் ஒன்றிரண்டு சரியாக வந்திருக்குமே. என் கேள்வியை எடுத்துப் பார்த்தேன். பிழைக்கு முன்னால் கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் கழித்தல். பிழை குறைவானதைத் தேடு என்பதற்குப் பதிலாக, அதிகமானதைத் தேடு என்றிருக்கிறேன். அதுவும் சொன்னபடியே வடிகட்டின முட்டாளைக் கச்சிதமாகக் கண்டுபிடித்திருக்கிறது!

மார்ச் 15
வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை பிழைக்கும். யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 16
எனக்குத் தெரியுதே, சனியன்.

மார்ச் 17
சொல்லிவிட்டேன். "சார், மெஷின் மேல தப்பில்ல. குறியை மாத்திப் போட்டது நான்தான்."

பொறியாளர் என்னைக் கட்டிக்கொண்டு என் தோளிலேயே தும்மினார். குறியைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். நாற்பது நிமிடம்தான்.

மார்ச் 22
பயிற்சி முடிந்தது. என் மூன்று வருட உழைப்பைவிட அது கண்டுபிடித்த அமைப்பு மேல். கொஞ்சநஞ்சம் இல்லை, நிறையவே. வயிறு எரிந்தது. கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மார்ச் 24
மேலாளர் கூப்பிட்டார். நாளையிலிருந்து எனக்குக் கீழ்த்தளத்தில் வேலை. கணினிக்கு இனி எல்லாக் கேள்வியும் நான்தான் எழுத வேண்டும், ஒவ்வொரு வரியையும் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னதும், "இது பதவி உயர்வா, தண்டனையா?" என்றாள் மனைவி. நானும் மேலாளரிடம் அதையேதான் கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றார்.