மாற்றாத ஆயில் பில்டர்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. கண்ணாடி துடைத்தே கை விறைத்தது. லோடு வண்டி 1,12,300 கி.மீ. ஐப்பசியில் இன்ஜின் கட்டியபின் ஓடியது பத்தாயிரம். ஆயில் மாற்றும் நாள்.

கம்பெனிப் புத்தகத்தில் இருபதாயிரம் என்று போட்டிருக்கிறான். அது ஹைவேயில் போகிறவனுக்கு. என் வண்டி தென்னந்தோப்புக்குள் முதல் கியரில் ஊர்கிறது. தேங்காய் ஏறி முடிகிறவரை அணைக்காமல் நிற்கிறது. அப்புறம் முழு லோடோடு மதுரை. மீட்டரில் ஏறாத ஓட்டமே பாதி. எனக்குப் பத்தாயிரம்தான். இதில் யாரோடும் பேச்சு கிடையாது.

வாங்கியது:
சீல் கேன் ஆயில், புத்தகத்தில் உள்ள 15W-40
ஆயில் பில்டர் 1
ஆயில் வடிக்கிற போல்ட்டுக்கு வாஷர் 1
பாப்பாவுக்கு (என் மகள்) நெயில் பாலிஷ், சிவப்பு

ச. (என் தம்பி சரவணன், பட்டுக்கோட்டை ரோட்டில் ஒர்க்‌ஷாப்) கேனைப் பார்த்ததும் சிரித்தான். "எதுக்குக்கா காசைக் கரியாக்குற? நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும். டிரம்ல கெடக்கு, ஊத்துறேன்." புது மாடல் இன்ஜின்டா, கண்டதை ஊத்துனா புகைக்குழாய் வடிகட்டி அடைச்சுக்கிரும் என்றேன். "நீ வண்டி ஓட்டுறவ. நான் வண்டி தெரிஞ்சவன்" என்றான். வேலை செய்கிற பயல்கள் முன்னால்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் குனிந்து பார்த்தேன். மூன்று மாசத்துக்கு முன்னால் இவனே பிரித்துக் கட்டிய இன்ஜின். எல்லாம் பளபளப்பு, பில்டர் மட்டும் துரு. எப்படி? எண்ணிய தேங்காய்க்குச் சுண்ணாம்பு வைக்கிற பழக்கம் எனக்கு. பாப்பாவின் நெயில் பாலிஷை எடுத்துப் பில்டர் அடியில் ஒரு பொட்டு.

சாயங்காலம் வண்டி வந்தது. "புதுசா மாத்தியாச்சுக்கா. பில்டர், ஆயில், எல்லாம்."

பிப்ரவரி 4, புதன்

டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு அப்படியே.

டீசல் வண்டியில் புது ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடும். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்து எவனையும் பிடிக்க முடியாது. அந்தத் தைரியம் அவனுக்கு. என் சீல் கேன் எவன் இன்ஜினில் போனதோ.

கத்தவில்லை. புதுக்கோட்டைக்கு ஓட்டிப்போய், தெரியாத ஒர்க்‌ஷாப்பில் பில்டரைக் கழற்றி அறுக்கச் சொன்னேன். உள்ளே தார் மாதிரி. மெக்கானிக் தகரத்தில் அச்சடித்த தேதியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். ரெண்டு வருசத்துக்கு முந்தினது. "மாத்தவே இல்லம்மா. டீசல்ல கழுவிக் கழுவிப் போட்டுருக்காங்க. இதோட இந்த இன்ஜின் ஓடுனதே பெருசு." புதுப் பில்டரும் ஆயிலும் அங்கேயே போட்டுக்கொண்டேன்.

ரெண்டு வருசம். அப்படியென்றால் ஐப்பசியிலும் இதே பில்டர்தான்.

ஐப்பசியில் திருமயம் தாண்டி லோடோடு இன்ஜின் ஜாம் ஆனது. பதினோரு வருசம் எனக்கு ஓட்டிய டிரைவர் ராசு அண்ணன் ரோட்டில் நின்று போன் பண்ணினார்: "தங்கச்சி, நாலு நாளா ஆயில் லைட்டு மின்னுது. தம்பிகிட்டச் சொன்னேன், ஒண்ணுமில்ல ஓட்டுங்கன்னாரு." ச. சொன்னது வேறு: "அந்த ஆளு ஆயிலே பாக்கலக்கா." தம்பியை நம்பினேன். ராசு அண்ணனை நிறுத்தினேன். நிறுத்தியதோடு விட்டேனா? அறந்தாங்கி தேங்காய் மண்டியில், அத்தனை லாரிக்காரர்கள் முன்னால், "தூங்கிக்கிட்டே இன்ஜினைக் கொன்ன ஆளு" என்று சொன்னேன். அதற்குப்பின் அவருக்கு ஒருத்தரும் வண்டி கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்டியரிங் என் கையில்.



பிப்ரவரி 5, வியாழன்

அறுத்த பில்டரை ச. மேசையில் வைத்தேன்.

"பொட்டு வச்சுப் பாத்தியா? என்னையவா?"
"ஒன்னையத்தான்."
"பில்டரெல்லாம் கம்பெனிக்காரன் யாவாரத்துக்குச் சொல்றது. கழுவிப் போட்டா ஓடும். மண்டி வண்டி அம்புட்டும் ஓடலயா?"
"என்னுது ஓடலயேடா. ராசு அண்ணன் லைட்டு மின்னுதுன்னு சொன்னாரா இல்லையா?"

ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம், "சொன்னாரு. சென்சார் கோளாறுன்னு நெனச்சேன்."

அதுவரை திட்டு மட்டும்தான் மனசில் இருந்தது. அதற்குப்பின் ஸ்பேனரைப் பிடுங்கித் தூக்கி எறிந்தேன். டிரம்மில் பட்டது.

"காது குத்துக்கு மடி வேணுமா வேணாமாக்கா?" என்றான். பாப்பாவுக்குக் காது குத்து, மாசி பத்து, குலதெய்வம் கோயிலில். தாய்மாமன் இவன் ஒருத்தன்தான். இவன் மடியில்தான் பிள்ளை உட்காரணும். அதை எடுத்து என் முன்னால் நீட்டுகிறான்.

பிப்ரவரி 7, சனி

அன்னவாசல். வெயில் ஏறிவிட்டது. ராசு அண்ணன் செங்கல் சூளையில் கல் அடுக்குகிறார். ஐம்பத்து மூன்று வயதில். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வாங்க தங்கச்சி." அந்த 'வாங்க' சுட்டது.

வீட்டில் அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. "காலையில பல்லு வெளக்குறதுக்கு முந்தி ஆயில் குச்சியத் தேடுற மனுசன். எனக்குக் காய்ச்சல்னாகூட அம்புட்டு அக்கறையாத் தொட்டுப் பாத்ததில்ல. அவரு ஆயில் பாக்கலன்னீங்களாம்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுது என்றேன். திரும்ப வண்டிக்கு வாங்கண்ணே என்றேன்.

ராசு அண்ணன் கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லி என்ன தங்கச்சி? எனக்குத் தெரிஞ்சதுதான. மண்டியில சொன்னதை மண்டியிலதான் எடுக்கணும்."

நியாயம். ஆனால் மண்டி லாரிகள் எல்லாம் ச. ஒர்க்‌ஷாப்பில்தான் சர்வீஸ். மண்டியில் வாயைத் திறந்தால் அவன் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அந்தக் கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்ததே நான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மா போன். "ஒரு பில்டருக்காகவாடி கூடப் பொறந்தவன தெருவுல நிறுத்துவ?"
"ஒரு பில்டருக்காக ராசு அண்ணன் நிக்கிறாருல்ல?"
"அவரு யாரு, இவன் யாரு?"
வைத்துவிட்டேன்.

துபாயிலிருந்து இவர். "விடு. ஒரு பில்டர்ல என்ன இருக்கு?" இவர் அங்கே டேங்கர் ஓட்டுகிறார். ஆயில் மாற்றிய தேதியை ஸ்டிக்கரில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கும், ஒருநாள் தள்ளினாலும் சூப்பர்வைசர் கிழிப்பான் என்று போன லீவில் பெருமையாகச் சொன்ன ஆள். கம்பெனி வண்டிக்கு ஸ்டிக்கர். பெண்டாட்டி வண்டிக்கு 'என்ன இருக்கு'.

சின்ன வெங்காயம் வாங்கணும். கோயில் பந்தலுக்கு ஆள் சொல்லணும்.

ரெண்டு நாளாக ஒரே கணக்கு. ச. கடை போனால் வேறு தொழில் பார்ப்பான், வயசு முப்பத்தொன்று. ராசு அண்ணனுக்குப் பெயரைத் தவிர என்ன இருந்தது? அதைத்தானே பறித்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மண்டியில் டீ நேரம். பத்துப் பன்னிரண்டு பேர். பில்டரை மூட்டை மேல் வைத்து, "ராசு அண்ணனைப் பத்தி நான் சொன்னது பொய். அவரு லைட்டு மின்னுதுன்னு சொன்னாரு. என் தம்பி கேக்கல, நானும் கேக்கல. பில்டர் மாத்தாம இன்ஜினைக் கொன்னது சரவணன்" என்றேன்.  

ஒருத்தர்: "இதைச் சொல்ல மூணு மாசமா ஆத்தா?" சரியான அடி. வாங்கிக்கொண்டேன்.

இன்னொருத்தர்: "ஏய், அப்ப என் வண்டி பில்டர்?"

டீ கிளாசை வைத்துவிட்டு ஓடினார்கள். அஞ்சாறு பெரிய மனுசர்கள் வேட்டியை மடித்துக் கட்டி லாரிக்கு அடியில் மண்டிபோட்டுக் கிடந்தது கண்கொள்ளாக் காட்சி. சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது. மூன்று வண்டியில் துரு.

மத்தியானத்துக்குள் அன்னவாசலுக்குப் போன் போய்விட்டது. கொப்பரை லாரி வைத்திருக்கும் மாணிக்கம் ராசு அண்ணனை நாளையிலிருந்து வரச் சொன்னாராம். என்னிடம் ராசு அண்ணன் சொன்னது: "சந்தோசம் தங்கச்சி. அவரு முந்திக்கிட்டாரு." முந்தியது மாணிக்கம் இல்லை. பிந்தியது நான்.

நாலு மணிக்கு ச. போன். "இன்னைக்கு எத்தன வண்டிய எடுத்துட்டுப் போனாங்க தெரியுமா ஒனக்கு?"
"அன்னவாசல் போ. அவரு வாசல்ல நின்னு ஒன் வாயால சொல்லு. அப்புறம் மண்டிக்கு வா, நான் பேசுறேன்."
"போக மாட்டேன். மடிக்கு வேற ஆளப் பாத்துக்க."

வைத்துவிட்டான்.

காது குத்துகிற ஆசாரியைப் போனில் கூப்பிட்டேன். தேதி மாறாது, மாசி பத்து, காலை ஆறரை என்றேன். "தாய்மாமன் வந்துருவாருல்லம்மா?" என்றார். வந்தால் வரட்டும், வராவிட்டால் என் மடியில் உட்காரும், நீங்க ஊசியைத் தீட்டி வையுங்க என்றேன்.