கோல் தானே திரும்பிய பகல்

பாறைமுனை ஓடை, கென்டக்கி
1823 நவம்பர், முதல் உறைபனிக்குப் பின்

என் மதிப்பிற்குரிய கணவர் அப்சலோம் டெட்ரிக் அவர்களின் சமூகத்திற்கு, மனைவி கெசையா வணக்கத்துடன் வரைவது.

தங்களுடன் படகில் சென்றவர்கள் நடந்தே ஊர் வந்து சேர்ந்தனர். தங்களைக் காய்ச்சலோடு நாட்செஸ் நகரத்து விடுதி ஒன்றில் விட்டு வந்ததாகத் தெரிவித்தனர். அதற்குமேல் அவர்கள் சொன்னவற்றை நான் காதில் வாங்கவில்லை. கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போகும் வணிகரிடம் இக்கடிதத்தை ஒப்படைக்கிறேன். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தவர் எவருமில்லை. வேதாகமத்தையும் பஞ்சாங்கத்தையும் வைத்து நானே கற்றேன். ஆயினும் இதில் ஒரு பிழைகூட இராது. தாங்களே எழுந்தமர்ந்து வாசிக்க வேண்டுமென்பது என் விண்ணப்பம்.

இங்கு ஒரு கரடி பட்டியை உடைத்துப் பன்றிகளைக் கொண்டுபோய்விட்டது. இறைச்சியைப் பதப்படுத்தி வைக்கும் புகையறை வெறுமையாயிற்று. சோள மாவை மட்டும் நம்பி வசந்தம்வரை தாங்க இயலாது. கரடிகள் குகைக்குள் முடங்குமுன் ஒன்றையாவது வீழ்த்தியாக வேண்டியிருந்தது. அதற்கிருந்தது தங்கள் துப்பாக்கி ஒன்றே. அதைத் தாங்கள் என்னிடமன்றித் தம்பி ஓபேதிடம் ஒப்படைத்துச் சென்றது பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

சென்ற மாதம் ஓபேது வெறுங்கையோடு திரும்பினார். கருவாலி மரத்தடியில் கரடி எதிரிலேயே நின்றதாம். விசையை இழுத்தாராம், விசையோரம் பற்றவைக்கும் கிண்ணியில் வெடிமருந்து பளிச்சென்று எரிந்ததாம், துப்பாக்கி மட்டும் வெடிக்கவில்லையாம். "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க அண்ணி" என்றார். "துப்பாக்கி மாட்டுற எடத்துக்குக் கீழ நீங்கதானே பெருக்குறீங்க?" என்றும் சேர்த்துக்கொண்டார். "பெருக்காம விட்டிருந்தா அதுவும் செய்வினைன்னுதான் சொல்லியிருப்பீங்க" என்று நான் விடையளித்தேன்.

செய்வினை பட்ட துப்பாக்கிக் குழலை ஓடும் நீரில் ஒரு பகலும் இரவும் கிடத்துவது இவ்வூர் வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஓபேது குழலைக் கழற்றத் தொடங்கிவிட்டார். நீரில் கிடந்த இரும்பு உட்புறம் என்னவாகும் என்பதையும் தாங்கள் அறிவீர்கள். மதிய உணவுவரை எனக்கு அவகாசம் தருமாறு கேட்டேன். "உங்களுக்கு இதுல என்ன அண்ணி தெரியும்?" என்றார். சனிக்கிழமைதோறும் தாங்கள் துப்பாக்கியைத் துடைக்கையில், தறியிலிருந்து எழாமலே என் கண்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அவருக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாதென்றே எண்ணுகிறேன்.

குழலுக்குள் குண்டைக் கெட்டிக்கும் கோலில் தாங்கள் கத்தியால் கீறிய இரு கோடுகள் நினைவிருக்கும். வெறுங்குழலுக்கு ஒன்று, மருந்தும் குண்டும் இருந்தால் நிற்குமிடத்துக்கு மற்றொன்று. கோலை உள்ளே விட்டேன். அது இரண்டு கோடுகளுக்கும் நடுவே நின்றது. குண்டு இருக்கிறது; மருந்து இல்லை. கெட்டிக்கும்போது அருகில் யார் இருந்தார்கள் என்று ஓபேதிடம் வினவினேன். ஆலைக்காரர் மகள் நின்றாளாம். போன வருடத்து மான்வேட்டையை அவளுக்கு விவரித்தாராம், மருந்துக் கொம்பைக் கையில் ஆட்டியபடி. ஆட்டிய கொம்பை, மருந்து வார்க்காமல், அப்படியே தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

கிண்ணியிலிருந்து குழலுக்குள் செல்லும் தீத்துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, பொடி மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாய் அதன் வழியே தட்டித் தட்டி ஏற்றினேன். கோலால் குண்டை மீண்டும் அழுத்தினேன். ஓபேது அடிமரத்தை நோக்கிச் சுட்டார். ஈரப் புகையோடு குண்டு வெளியே வந்து, மரத்தை எட்டாமலே விழுந்தது. "பன்னிக்குட்டி தும்முன மாதிரி இருக்கு" என்று அவரே சிரித்துவிட்டார். பிறகு, "ஆலைப்பக்கம் மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். நான் சொல்லவில்லை.

அவர் உணவருந்துகையில் குழலை நானே கழுவினேன். தீத்துளையை வாத்திறகின் தண்டால் அடைத்துக் கொதிநீர் வார்த்தேன். அழுகிய முட்டை நாற்றத்துடன் கரிய நீர் வந்தது. மறுபடி வார்க்க வார்க்கச் சாம்பல் நிறமாயிற்று. இறுதியில் ஊற்றுநீர் போலத் தெளிந்தது. உலர்ந்த நார்க்கற்றையைக் கோல் நுனியில் இறுகச் சுற்றி உள்ளே செலுத்தினேன்.

அப்போது கோல் என் கையில் தானே திரும்பிற்று.

நான் திருப்பவில்லை. நேராகவே தள்ளினேன். கண்ணுக்கெட்டாத ஆழத்தில் குண்டைச் சுழற்றி நேரே செலுத்தவென்று அவ்விரும்பில் வெட்டிய சுழல் பள்ளங்கள் நாரைப் பற்றி, கோலைப் பற்றி, என் உள்ளங்கைக்குள் மெல்லச் சுழற்றின. வெளியே இழுத்தேன், மறுதிசையில் திரும்பிற்று. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு நேர்க்கோடு. உள்ளேயோ, மலையைச் சுற்றும் பாதை. குழல்வாயைச் சூரியனை நோக்கிச் சாய்த்தபோது, பள்ளங்கள் ஒளியை ஏந்தி ஒன்றையொன்று தொடர்ந்து இருளுக்குள் இறங்கின. தேவாலயத்தில்கூட நான் அவ்வாறு வாயடைத்து நின்றதில்லை. சனிக்கிழமைகளில் தாங்கள் ஏன் பேசுவதில்லை என்பது அன்றே விளங்கியது. கோபமென்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை ஓபேது இரு கைகளையும் நீட்டித் துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டார். என் கண்முன்னேதான் மருந்தை அளந்தார். அதே கருவாலித் தோப்பில், ஒரே குண்டில், கரடி வீழ்ந்தது. புகையறை நிறைந்திருக்கிறது. பசியைப் பற்றித் தாங்கள் கவலையுற வேண்டாம். கொழுப்பில் ஒரு பங்கு துப்பாக்கிக்கு. ஒரு பங்கைத் தங்கள் காலணிகளுக்கென்று தனிச்சாடியில் மூடி வைத்திருக்கிறேன். கெட்டுப்போகுமென்று ஓபேது சொல்கிறார். கெடாது.

துடைத்து முடிந்ததும் துப்பாக்கியைத் தாங்கள் வைக்கும் விதமாகவே குழல்வாய் கீழ்நோக்க நிறுத்துகிறேன். சனிக்கிழமைதோறும் கோலைச் செலுத்திப் பார்க்கிறேன். அது திரும்புகிறது.

நேரே சேரவேண்டியது சுழன்றுதான் சேருகிறது என்பதை என் கை அறிந்துகொண்டது. ஆகையால் தங்கள் வழி எத்தனை வளைந்தாலும் நான் கலங்கேன். காய்ச்சல் தணியத் தேவன் அருள்வாராக. எத்தனை மெதுவாயினும், வாருங்கள்.

தங்கள் துப்பாக்கிக்கும் இல்லத்திற்கும் காவலாயிருக்கும்,
கெசையா டெட்ரிக்