தன் பேருக்குத் தானே போடுவதா

அக்டோபர் 27
சர்ச்சில் அறுவடை விருந்து. என்னையும் டெலோரஸ் க்வாமையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பல வருடமாக எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவள். அவளை எதிர்த்து நிற்கும் மாட்டு டாக்டர் நான். "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கோ வெர்லின், வீடு வீடா அலைஞ்சு இளைச்சுட்ட" என்றாள். இவளைத்தான் நான் மேடையில் கிழிக்க வேண்டுமாம்.

நவம்பர் 1
தலைநகரிலிருந்து எங்கள் கட்சிக்காரன் டாரின் போன் செய்தான். "சார், சபை சரிபாதியா நிக்குது. உங்க தொகுதி கிடைச்சா சபை நம்ம கையில. உங்களப் பத்திக் கொஞ்சம் பெருமையாப் பேசுங்க சார்!"

பெருமையா? இங்கே அமோக விளைச்சலைக்கூட "மோசமில்லை" என்றுதான் சொல்வார்கள். நான் நிற்பதே ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடவிடக் கூடாது என்றுதான். என் மனைவி மார்லிஸ் அங்கே நர்ஸ். டெலோரஸின் கட்சி ஜெயித்தால் பூட்டுதான்.

நவம்பர் 5
ஓட்டுப் போட்டேன். சர்ச் கமிட்டித் தேர்தலில் அப்பா காலத்திலிருந்தே ஒரு வழக்கம்: நிற்பவர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவார். தனக்கே போட்டுக்கொள்பவனை ஊரில் யாரும் மதிப்பதில்லை. பழக்கதோஷம், பேனா தானாக டெலோரஸ் பெயருக்குப் போய்விட்டது. சீட்டில் அவள் பெயருக்குப் பக்கத்து வட்டத்தைக் கருப்பாக்கிய பிறகுதான் இது சர்ச் இல்லை என்று உறைத்தது. வேறு சீட்டு கேட்கலாம். ஆனால் சாவடி மேசையில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஐரீனிடம் என்னவென்று சொல்வது? எனக்கே போட்டுக்கொள்ள வேண்டும், இன்னொன்று கொடு என்றா?

போகட்டும், ஒரு ஓட்டுதானே.

நவம்பர் 6
ஒரு ஓட்டில் தோற்றேன்.

நவம்பர் 22
மறுபடி எண்ணியும் அதே ஒரு ஓட்டு. சபையில் அவர்களுக்கு ஒரே ஒரு ஆள் அதிகம். "எவன் சார் அந்த மடையன்?" என்றான் டாரின். தெரியலப்பா என்றேன்.

மார்லிஸ் "நீ என்ன பண்ணுவ, பாவம்" என்று தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தாள். எனக்காகப் பனியில் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள்! சொல்லிடவா? எப்படிடா சொல்லுவ — மடையா, மடையா.

ஒரு நப்பாசை. டெலோரஸும் எனக்குப் போட்டிருந்தால் கணக்கு நேராகிவிடும், பழி என் மேல் இல்லை. அவளிடம் போய்க் கேட்கவா முடியும்?

ஜனவரி 14
இன்று சபாநாயகர் தேர்தல். அவர்கள் கட்சியில் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டு, கடைசியில் யாருக்கும் பிடிக்காமல் போகாத ஒரே ஆள் என்று டெலோரஸை நிறுத்தினார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து, யாருக்கு ஓட்டு என்று பெயர் சொல்ல வேண்டும். நானும் மார்லிஸும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். டெலோரஸ் எழுந்தாள், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள், எங்கள் கட்சி வேட்பாளரின் பெயரைச் சொன்னாள்.

ஒரு ஓட்டில் சபை எங்கள் கைக்கு வந்துவிட்டது. வார்டு பிழைத்தது! "சார், அந்தம்மாவ எப்படி சார் மடக்குனீங்க?" என்று டாரின் கத்தினான்.

சாயங்காலம் டெலோரஸே கூப்பிட்டாள். அழுதாள். "நவம்பர்ல கட்சிக்காரங்க பேச்சக் கேட்டு எனக்கே போட்டுக்கிட்டேன், வெர்லின். அதுலேர்ந்து சர்ச்சுல உன் மூஞ்சியப் பாக்க முடியல. இன்னைக்கும் அதே அசிங்கத்தப் பண்ணச் சொன்னா எப்படி? நீ யாருக்குப் போட்ட?"

மார்லிஸ் பின்னல் வேலையிலிருந்து தலை நிமிராமலே, போனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "உனக்குத்தான் போட்டான், டெலோரஸ். அன்னைக்கு வீட்டுக்கு வந்த மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்."