ஊரப்பாக்கத்தில் நீ எடுத்த கடைசிப் பாட்டு

இன்று காலை உன் கேமரா பையைத் திறந்தேன். வலித்தைல வாடை முகத்தில் அடித்தது. பையின் பட்டையில் ஊறிப்போன வாடை. எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. துணியை எறிந்துவிட்டு உன்னைத் திட்டினேன், சத்தமாகவே. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எல்லோரும் உன்னைப் புகழ்கிறார்கள். கடைசிவரை வேலையே உயிராக இருந்தாயாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று ஒரு விளம்பர வீடியோவுக்காகத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள கடைகளையும் கலைஞர்களையும் ஒரே நாளில் படம் பிடிக்க வேண்டியிருந்தது. பணம் போட்டவர் அந்தப் பக்கம் மனை விற்பவர். நீ கேமரா, ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் நான். கல்லூரி விட்டதிலிருந்து நம் இருவருக்கும் அதுதான் பிழைப்பு.

முதலில் இரும்புலியூர் கேக் கடை. கடைக்கார அக்கா க்ரீமில் ரோஜா பிழிவதை மண்டி போட்டு எடுத்தாய். எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டாய். ஏசி ஓடிக்கொண்டிருந்த கடையில் உன் முகமெல்லாம் வியர்வை. அந்த அக்காவே பயந்துபோய் டாக்டரிடம் போகச் சொன்னார். "தோள்பட்டை புடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தைலத்தை அள்ளித் தேய்த்துக்கொண்டாய்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஓர் ஆஸ்பத்திரி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் ஓரம் கட்டினார். நீ அவரைப் போகச் சொன்னாய். அடுத்தது ஊரப்பாக்கத்துக் கானா பாடகி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிற பெண். மதியம் கம்பெனி பஸ் வந்துவிடும்.

"இன்னைக்கு விட்டா மனைக்காரரு அவளை வீடியோலருந்து தூக்கிடுவாருடி. அதுக்குத்தான் சாக்கு தேடிட்டு இருக்காரு."

அது உண்மைதான். கானா வேண்டாம் என்று மனைக்காரர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நீதான் சண்டை போட்டு அவள் பெயரைச் சேர்த்தாய். அதற்காக? இன்னொரு நாள் என் காசில் வந்து எடுத்திருப்பேனே.

மொட்டை மாடியில், கம்பெனி யூனிபார்மோடு நின்றாள் அந்தப் பெண். இரண்டு முறை வரி மறந்து நின்றுவிட்டாள். கேமராவைப் பார்க்காமல், மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துப் பாடச் சொன்னாய். மூன்றாவது முறை பாடினாள் பார், கீழே தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கேமராவைத் தோளில் தூக்கி வைத்திருந்தாய். பாட்டு முடியும்வரை ஃபிரேம் ஓரிடத்தில்கூட ஆடவில்லை. எடிட் செய்யும்போது அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வலியில் உயிர் போகிறது, கை மட்டும் ஆடாதாம்.

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். நீ படிக்கட்டில் பாதி இறங்கி உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரியில், மாரடைப்பு என்ற டாக்டர் அடுத்துச் சொன்னது ஒன்றுதான்: காலையிலேயே வந்திருக்கலாம்.

மறுநாள் உன்னை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பே மனைக்காரரின் போன் வந்தது. வருத்தம் சொன்னார். அடுத்த மூச்சில், எடுத்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து அவர் அலுவலகத்துக்குப் போனேன். வீடியோவைப் பார்த்தவர் கானா வந்ததும் நிறுத்தினார்.

"மேடம், ஃபேமிலி ஆடியன்ஸ் பார்ப்பாங்க. இதை எடுத்துட்டு, அந்த இடத்துல உங்க ஃபிரெண்ட் போட்டோவைப் போட்டு ஒரு அஞ்சலி வெச்சிடலாமே. டச்சிங்கா இருக்கும்."

"அவ உயிரை விட்டு எடுத்ததை வெட்டிட்டு, அந்த இடத்துல அவளுக்கே மாலை போடுவீங்களா சார்? பாட்டு இருந்தா வீடியோ. இல்லன்னா எதுவும் கிடையாது." ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு ஒத்துக்கொண்டார்.

பாட்டோடுதான் வந்தது. உன் போட்டோ இல்லை.

வீடியோ வந்த அன்று அந்தப் பெண் கூப்பிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. "இன்னாக்கா, கேமரா அக்கா போனே எடுக்க மாட்டேங்குறாங்க. எங்கம்மா அதையே திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீது. அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்."

சொன்னேன். அன்று அவள் பஸ்ஸுக்கு ஓடியதும் நீ படிக்கட்டில் உட்கார்ந்ததிலிருந்து, எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாக. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்னாலயாக்கா?"

இந்தக் கேள்விக்கு நீயல்லவா பதில் சொல்லியிருக்க வேண்டும்? என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். "இல்லம்மா. உன்னால இல்ல. அவ பிடிவாதம் அப்படி" என்றேன். அவள் அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் ஒரு கல்யாண வேலை, உன் கேமராவோடு நான்தான் போனேன். லைட் பிடிப்பவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே ஒன்றுமில்லை என்றார். தாலி கட்டும் நேரம். கேமராவை அப்படியே வைத்துவிட்டு, கத்திக் கத்தி அவரை ஆட்டோவில் ஏற்றினேன். பெண்வீட்டார் என்னைப் பேசாத பேச்சில்லை. ஈசிஜி பார்த்துவிட்டு வெறும் வாயுதான் என்று அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல், தனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.