என் செருப்பு நடித்த படம்

குவஹாத்தி
ஜேஷ்ட மாதம் 12

அன்புள்ள மைனாவுக்கு,

இங்கே உன் அம்மா முழுச் சுகம், நான் அவள் திட்டுகிற அளவைப் பொறுத்துச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறவரும் அந்த நார்வேக் குளிரில் நன்றாக இருக்கவேண்டும் என்று காமாக்யா தாயை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கறுப்பு எள்ளை வறுத்து டப்பாவில் அடைத்தாயிற்று, பிட்டாப் பலகாரம் மட்டும் அங்கே வந்துதான் சுடுவாளாம். நீ மாடிப்படியில் நிதானமாக இறங்கு, போனைப் பார்த்துக்கொண்டு இறங்காதே.

போனில் சொல்லக் கூச்சப்பட்ட ஒன்றை எழுதிவிடுகிறேன். முப்பத்திநாலு வருஷமாக ஆவணப்படம் எடுக்கிற உன் அப்பா, வகுப்பெடுத்துப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிற மகாமேதை, போன மாதம் மாஜுலித் தீவில் மானத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். புத்தேஸ்வரி அக்கா என்கிற மிசிங் பழங்குடிப் பெண்மணியின் வீட்டை ஆறு கரையை அரித்து நெருங்கிவிட்டது, வீட்டைப் பிரித்து மூங்கில் மூங்கிலாக உள்ளே தள்ளிக் கொண்டுபோகிற நாள், அதைப் படம் பிடிக்கப் போனேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தால் ஜனங்கள் அதையே பார்ப்பார்கள் என்று அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டுவது என் பழக்கம், கண்ணாடியை வேறு வீட்டிலேயே மறந்துவிட்டேன். கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஓட்டுவதாக நினைத்து அமுக்கினேன், நின்றது. நிறுத்துவதாக நினைத்து அமுக்கினேன், ஓடியது. நாள் முழுக்க இப்படியே. கூரை இறங்கியதும் இல்லை, அக்கா அடுப்பு மண்ணை அள்ளித் துணியில் முடிந்துகொண்டதும் இல்லை. கேமராவைத் தொங்கவிட்டு நான் நடந்ததெல்லாம் அற்புதமாக வந்திருக்கிறது. நாற்பது நிமிஷம் என் செருப்புதான் கதாநாயகன், இடது செருப்பு மட்டும் கொஞ்சம் மிகை நடிப்பு. அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "போவுது விடுங்க, உங்க செருப்பாவது எங்க வீட்ட பாத்துச்சே" என்றாள்.

டெல்லித் தயாரிப்பாளர் திட்டவில்லை, சிராவண மாதத்தில் கீழ்க்கரையில் இன்னும் நாலு வீடு பிரிக்கவேண்டி வரும், அதை எடுங்கள் என்றார். சரி என்று அங்கேயே தலையாட்டிவிட்டேன். சிராவணம் உன் பிரசவ மாதம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை மைனா. சாப்பிடும்போது சொன்னேன், அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள், அப்போதும் மீன் குழம்பில் புளிப்பு தூக்கலோ என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அந்தச் செருப்புப் படத்தில் சத்தமாவது தேறுமா என்று கேட்டுப் பார்த்தேன். அக்கா என்னிடம் பேசியது அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் உண்டா என்கிறாள், ஒரே மகள், வெளிநாட்டில் பிரசவத்துக்கு இருக்கிறாள் என்கிறேன். என்னைக்கு என்கிறாள், தேதி வீட்டம்மாவுக்குத்தான் தெரியும் என்கிறேன். உடனே அவள் மூங்கில் சுமக்கிற பெண்களைக் கூப்பிட்டு, "இங்க கேளுங்கடி, என் வீடு என்னைக்குப் போவும்னு இந்தக் கேமராக்காரருக்குத் தேதி தெரியுது, பேரப்புள்ள என்னைக்கு வரும்னு தெரியலையாம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பை என்னால் இரண்டாம் முறை கேட்க முடியவில்லை, வெட்கமாக இருந்தது.

உன் தேதி சிராவணம் பதினாறு. எங்கும் பார்க்காமல் எழுதுகிறேன். டெல்லிக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன், என் உதவியாளர் பிரணாமிகா போகிறாள், அவள் நாடா ஒட்டுகிற ஆள் இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் பத்து நாள் முன்னதாகவே டிக்கெட் எடுத்தாயிற்று. கேமரா வராது, பெட்டியை அம்மா இரண்டு தடவை சோதித்துவிட்டாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்திரு. இரும்பு மாத்திரையை மறக்காதே. இன்னொன்று, குழந்தையை என் கையில் கொடுக்குமுன் தலையை எப்படித் தாங்கவேண்டும் என்று சொல்லிக்கொடு. நீ பிறந்தபோது நான் காண்டாமிருகக் காட்டில் இருந்தேன். வந்து உன்னைத் தூக்கியபோது உனக்குத் தலை நின்றிருந்தது.

உன் அப்பா,
நிரோத் ஹஜாரிகா